"இன்னும் நடக்கல" என்று மட்டும் சொன்னதில் போன மாதங்கள்

என் மகள் 8 மாதத்திலேயே எதையும் இடது கையால்தான் வாங்குவாள். கிலுகிலுப்பையை வலது பக்கம் நீட்டினாலும் உடம்பைத் திருப்பி, இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து பிடுங்கிக்கொள்வாள். அந்த நேரத்தில் வலது கை மூடியே இருக்கும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கும். "இடது கைப் பழக்கம் போல" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வயதுக்கு முன்னால் குழந்தைக்குக் கைப்பழக்கம் நிலைப்பதில்லை. அதற்குள் ஒரு கையையே நம்பியிருந்தால் மறுகையில் என்ன தடை என்று பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியவந்தபோது அவளுக்கு 17 மாதம் முடிந்திருந்தது. நடுவில் போன 9 மாதத்தை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. அந்த மாதங்களில் நான் சும்மா இருக்கவில்லை. தேடித் தேடிப் படித்தேன், பலரிடம் கேட்டேன். ஆனால் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது மாதக் கணக்கை. அந்தக் கணக்கையே முதலில் சொல்லிவிடுகிறேன், அது தேவையானதுதான். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 6 பெரிய அசைவுகளுக்கான வயது வரம்பை 2006-இல் வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்கார்வது 3.8 முதல் 9.2 மாதம். பிடித்துக்கொண்டு நிற்பது 4.8 முதல் 11.4. கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5. பிடித்துக்கொண்டு நடப்பது 5.9 முதல் 13.7. தனியாக நிற்பது 6.9 முதல் 16.9. தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதம். இதில் இரண்டாவது எண், 100 குழந்தைகளில் 99 குழந்தைகள் அதைச் செய்து முடித்திருக்கும் வயது. அதாவது அது கடைசி எல்லைக்கோடு, சராசரி கிடையாது. நான் 17.6 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் வரம்புக்குள்தான் இருக்கிறாள்" என்று ஒவ்வொரு மாதமும் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதே ஆய்வில் ஏறக்குறைய 4 சதவீதக் குழந்தைகள் தவழாமலேயே நடந்திருக்கிறார்கள். ஆகவே தவழவில்லை என்பது மட்டும் ஒரு குறையாகாது. ஆனால் தவழும் குழந்தை எப்படித் தவழ்கிறது என்பது பெரிய விஷயம். என் மகள் தவழ்ந்தாள், 11 மாதத்தில். இடது முழங்கையை முன்னே போட்டு உடம்பை இழுப்பாள், வலது கால் பின்னால் நீட்டியபடி தரையில் தேய்ந்துகொண்டே வரும். "தவழ்ந்துவிட்டாள்" என்று தேதி குறித்தேன். கால் தேய்வதைக் குறிக்கவில்லை.

குழந்தை எந்த மாதத்தில் செய்தது என்பது பாதிச் செய்திதான். எப்படிச் செய்கிறது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செய்கிறதா, போன மாதத்தைவிட இந்த மாதம் புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கிறதா, இந்த மூன்றும் மீதிப் பாதி. இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். குழந்தையை டயபரோடு மட்டும், வெறுங்காலோடு, வழுக்காத தரையில் விட்டு 10 நிமிடம் நீங்களும் தரையில் உட்கார்ந்தால் போதும். பொம்மையை நேர் நடுவில் வையுங்கள், எந்தக் கை வருகிறது? பத்துமுறையும் ஒரே கை வந்தால் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு இன்னொரு பொம்மையை நீட்டுங்கள். மறுகை விரிந்து வருகிறதா, மூடியபடியே வருகிறதா, வராமலே போகிறதா? ஏதாவது பிடித்துக்கொண்டு எழும்போது எந்தக் கால் முதலில் ஊன்றுகிறது? குழந்தைகள் ஒருநாள் இந்தக் காலும் ஒருநாள் அந்தக் காலும் போடுவார்கள். எப்போதும் ஒரே கால்தான் என்றால் எழுதி வையுங்கள். அக்குளில் பிடித்துத் தூக்கும்போது உங்கள் கைகளுக்கு நடுவே நழுவி விழுவதுபோல் துவண்டு இருக்கிறதா? அல்லது கால்கள் கத்தரிக்கோல் போல ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிட்டு விறைக்கின்றனவா? டயபர் மாற்றும்போது ஒரு தொடை மட்டும் விரியாமல் இறுகுகிறதா? உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டில் லேசாகச் சாய்த்தால் இரண்டு பக்கமும் கையை ஊன்றித் தன்னைத் தடுத்துக்கொள்கிறதா? என் மகள் இடது பக்கம் ஊன்றுவாள், வலது பக்கம் அப்படியே சரிவாள். வலது பக்கம் எப்போதும் தலையணை போட்டு வைத்திருந்தோம், ஏன் அந்தப் பக்கம் மட்டும் போடுகிறோம் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. வீட்டில் நீங்கள் அறியாமலே செய்துகொண்டிருக்கும் இந்த மாதிரி ஏற்பாடுகளைக் கவனியுங்கள். ஒரு கையை முதலில் சட்டைக்குள் நுழைப்பது, ஒரே பக்கமாக உட்கார வைப்பது, ஒரு பக்கத்திலிருந்தே பொம்மை கொடுப்பது. நம் கை குழந்தையின் குறையை நமக்குத் தெரியாமலே ஈடுகட்டிக்கொண்டிருக்கும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் கணக்கே வேறு. 32 வாரத்தில் பிறந்திருந்தால் 8 வாரம் முன்னதாக வந்திருக்கிறது. அதன் முதல் பிறந்தநாளில் வளர்ச்சிக்கான வயது ஏறக்குறைய 10 மாதம்தான். 2 வயது வரை இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். கழிக்காமல் பார்த்து வீணாகப் பயப்படுகிறவர்கள் உண்டு. கழித்த பிறகும் பின்தங்கியிருப்பதை "குறைமாதக் குழந்தைதானே" என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஆபத்து கூடுதல் என்பதால் இந்த இரண்டாவது தவறு அதிகம் வலிக்கும்.

முதல்முறை மருத்துவரிடம் போனபோது அவளுக்கு 14 மாதம். நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "இன்னும் நடக்கல." மடியில் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்தார்கள். அன்று அவள் தூக்கக் கலக்கத்தில் என் தோளை விட்டு இறங்கவில்லை. எடை சரி, உயரம் சரி, நன்றாகச் சிரிக்கிறாள், சில பிள்ளைகள் மெதுவாகத்தான் நடக்கும், 18 மாதம் வரை பார்க்கலாம் என்று பதில் வந்தது. நிம்மதியாகத் திரும்பினேன். இன்று யோசித்தால், கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். 14 மாதத்தில் நடக்காத குழந்தையைப் பற்றி வேறு என்ன சொல்வார்கள்? "8 மாதத்திலிருந்து வலது கையைப் பயன்படுத்துவதில்லை, வலது காலை இழுக்கிறாள், வலது பக்கம் சரிந்தால் கை ஊன்றுவதில்லை" என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே பரிசோதனை மேசையில் படுக்க வைத்திருப்பார்கள். நான் சொல்லவில்லை, அவர்களும் தரையில் விட்டுப் பார்க்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் 3 மாதம் போயிற்று.

ஆகவே போவதற்கு முன் இதைச் செய்யுங்கள். குழந்தை தூங்கி எழுந்து, வயிறு நிரம்பி, உற்சாகமாக இருக்கும் நேரத்தில் கைபேசியில் காணொளி எடுங்கள். குழந்தைக்கு டயபர் மட்டும், கால் வெறுங்கால், கேமரா தரையோடு தரையாகக் குழந்தையின் இடுப்பு உயரத்தில். படுத்திருந்து உட்கார்வது, தரையிலிருந்து எழுந்து நிற்பது, தவழ்வது, பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்வது, பொம்மை எடுப்பது, ஒவ்வொன்றும் அரை நிமிடம். நடக்கிற குழந்தையானால் முன்னால் இருந்து ஒன்று, பின்னால் இருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மொத்தமும் 3 நிமிடத்துக்குள் அடங்கட்டும். அதற்கு மேல் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு தாளில் கழுத்து நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, எழுந்து நின்றது என்று மாதத்தோடு எழுதுங்கள். பிரசவம் எத்தனையாவது வாரம், பிறந்ததும் அழுததா, மஞ்சள் காமாலை கடுமையாக இருந்ததா, வயிற்றில் தலைகீழாகத் திரும்பாமல் இருந்ததா, குடும்பத்தில் தாமதமாக நடந்தவர்களோ தசைநோய் உள்ளவர்களோ உண்டா என்பதையும் சேருங்கள். உள்ளே போனதும் முதல் வாக்கியமாக உங்களை எது உறுத்துகிறதோ அதைச் சொல்லுங்கள். "ஒரு பக்கம் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது", "முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை", "உடம்பு துவண்டிருக்கிறது" என்ற மூன்றில் எதையாவது சொன்னால் எந்த மருத்துவரும் நிமிர்ந்து உட்காருவார். "பார்க்கலாம்" என்று சொன்னால் எத்தனை வாரம், அதற்குள் என்ன செய்திருக்க வேண்டும், செய்யாவிட்டால் அடுத்து யாரைப் பார்ப்பது என்று தேதியோடு கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அந்த 3 மாதத்தில் நான் செய்த வீண்வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே உட்காரவைத்துச் சக்கரத்தில் ஓடும் வாக்கர் வாங்கினேன். அதில் குழந்தை தன் எடையைத் தாங்குவதில்லை, சமநிலை பழகுவதில்லை, தன் பாதத்தைக்கூடப் பார்க்க முடிவதில்லை. நுனிக்காலால் தரையை உந்தியே ஓடும். வாக்கரில் வளர்ந்த குழந்தைகள் உட்கார்வதும் தவழ்வதும் நடப்பதும் தள்ளிப்போனதாக 1999-இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் விபத்துகளால் கனடா 2004-இல் இதன் விற்பனையையே தடை செய்தது. பின்னால் நின்று தள்ளும் நடைவண்டி வேறு, அது நல்லது; ஆனால் சக்கரம் வழுக்கி ஓடாதபடி அதில் பாரம் வைக்க வேண்டும். அடுத்து, கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் விறைப்பான காலணி. நடை பழகும் பாதத்துக்கு வெறுங்கால்தான் சிறந்தது. தரையை உணர்ந்துதான் விரல்கள் பிடிக்கக் கற்கும். காலுறை மட்டும் போட்டு வழவழப்பான தரையில் விடுவதும் வேண்டாம். பிறகு, தினமும் கால்களை உருவிவிட்டு, மடக்கி நீட்டுவது. குழந்தைக்கு அது இதமாக இருக்கும், அவ்வளவுதான். பிறர் அசைத்துவிடும் காலில் பலம் ஏறாது, குழந்தை தானே முயன்று அசைப்பதில்தான் ஏறும். இரண்டு கையையும் மேலே தூக்கிப் பிடித்து நடக்க வைப்பதையும் மணிக்கணக்கில் செய்தேன். அப்படிப் பிடித்தால் உடம்பு முன்னால் சாய்ந்து நுனிக்காலில் தொங்கும். பிடிக்க வேண்டுமென்றால் இடுப்பில் பிடியுங்கள், கைகள் கீழே சுதந்திரமாக இருக்கட்டும்.

17 மாதத்தில் வேறொரு மருத்துவர் அவளைத் தரையில் விட்டார். 5 நிமிடம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். பிறகு கணுக்காலை மேலே வளைத்தார். இடது பாதம் எளிதாக வளைந்தது, வலது பாதம் பாதியில் முட்டி நின்று பிறகு விட்டுக்கொடுத்தது. முட்டிக்குக் கீழே சிறு சுத்தியால் தட்டினார், வலது கால் இடது காலைவிடப் பலமாகத் துள்ளியது. அந்த அறையில் எனக்கு எல்லாம் புரிந்துபோனது. "எப்போதிலிருந்து இடது கை?" என்று கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தோம். அந்த வயதில் அசையாமல் படுக்காது என்பதால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள். எத்தனை மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் கேட்காமல் பால் கொடுத்துவிட்டு ஒரு தேதியை இழந்தோம். வலது கைகாலை இயக்கும் மூளையின் இடது பக்கத்தில், பிறப்பையொட்டி ரத்த ஓட்டம் தடைப்பட்ட பழைய தழும்பு தெரிந்தது. ஒரு பக்க மூளைவாதம் (செரிப்ரல் பால்சி), அதாவது அந்தத் தழும்பால் ஒரு பக்கக் கைகால் விறைத்துப் பின்தங்குவது. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் எந்தச் சிக்கலும் இல்லாத குழந்தைக்கும் இது வரலாம், பிறந்ததும் ஒன்றும் தெரியாது, சில மாதம் கழித்து ஒரு கை பின்தங்குவதில்தான் முதலில் வெளிப்படும். நான் என்ன சாப்பிட்டேன், எங்கே இடித்துக்கொண்டேன் என்று பல இரவுகள் கணக்குப் பார்த்தேன். அதில் எதுவும் காரணமில்லை. இந்தக் கேள்வியை மருத்துவரிடமே வாய்விட்டுக் கேளுங்கள், மனதுக்குள் வைத்திருந்தால் அது தின்றுவிடும்.

எல்லாக் குழந்தைக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. எந்த அறிகுறிக்கு எந்தப் பரிசோதனை என்று தெரிந்திருந்தால் தேவையில்லாததைத் தவிர்க்கலாம், தேவையானதைக் கேட்டு வாங்கலாம். விறைப்பு, ஒரு பக்க வேறுபாடு, தலைச் சுற்றளவு சரியாக ஏறாதது என்றால் மூளையைப் பார்ப்பார்கள். துவண்ட உடம்பு, பலவீனம் என்றால் ரத்தத்தில் தைராய்டு, அத்தோடு சி.கே. எனப்படும் தசை நொதி. இந்தச் சி.கே. பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். டுசேன் என்ற தசைநோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருவது. "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் நடக்கும்" என்று சொல்லிச் சொல்லியே 4, 5 வயது வரை கண்டுபிடிக்காமல் போவது அதிகம். 18 மாதத்தில் நடக்காத ஆண் குழந்தைக்கு இந்த எளிய ரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாமே என்று கேட்பதில் தவறில்லை. இயல்பில் சில நூறுக்குள் இருக்கும் எண், அந்த நோயில் பல ஆயிரங்களுக்குப் போகும். வேறு காரணத்துக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் கூடியிருப்பதாகச் சொன்னால், அதே நொதிகள் தசையிலிருந்தும் வரும் என்பதை நினைவில் வைத்து, கல்லீரலைத் துருவுவதற்கு முன் சி.கே. பார்க்கச் சொல்லுங்கள். 2 வயதுக்கு மேல், தரையிலிருந்து எழும்போது முதலில் குனிந்து கைகளை ஊன்றி, பிறகு தன் தொடைமேலேயே கையை வைத்து ஏறுவதுபோல எழுந்தால், கெண்டைக்கால் வழக்கத்துக்கு மாறாகப் பருத்திருந்தால், அதுவும் இதே சந்தேகத்தைக் கிளப்பும்.

வாத்துபோல் ஆடி ஆடி நடந்தால், ஒரு கால் குட்டையாகத் தெரிந்தால், தொடை மடிப்புகள் சமமில்லாமல் இருந்தால் இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் 4 மாதத்துக்குள் அல்ட்ராசவுண்டு ஸ்கேன், அதன்பிறகு பெரும்பாலும் எக்ஸ்ரே. பெண் குழந்தை, பிரசவத்தின்போது தலை கீழே திரும்பாமல் இருந்த குழந்தை, குடும்பத்தில் முன்பே ஒருவருக்கு இருந்தது என்றால் ஆபத்து கூடுதல். முதல் மாதங்களில் பிடித்தால் வார்ப்பட்டை போட்டுச் சரிசெய்யலாம், நடக்கத் தொடங்கிய பிறகு பிடித்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைவரை போகும். மணிக்கட்டு பருத்து, கால் வளைந்து, நடை தள்ளிப்போனால் வைட்டமின் டி குறைவாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, கால்களும் நேராகும். முதுகெலும்புத் தண்டு தசைச் சிதைவு என்ற நோயில் முகம் பளிச்சென்று இருக்கும், கண் எல்லாவற்றையும் கவனிக்கும், கால் மட்டும் அசைய மறுக்கும், முட்டியில் தட்டினால் துள்ளாது. இதற்கு 2016-க்குப் பிறகு சிகிச்சைகள் வந்துவிட்டன, ஆனால் இழந்த நரம்பணு திரும்பாது என்பதால் ஒவ்வொரு வாரமும் கணக்கு.

நோய் எது என்று பெயர் தெரிவதற்காகப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். அறிக்கை வரட்டும் என்று நாங்கள் இன்னும் ஒரு மாதம் காத்திருந்தோம், அது தேவையே இல்லாத காத்திருப்பு. பின்தங்கியிருக்கிறது என்பது உறுதியானால் அன்றே பிசியோதெரபி தொடங்கலாம். நல்ல பயிற்சியாளரை எப்படி அடையாளம் காண்பது? ஒரு வகுப்பு முடியும்போது வியர்த்திருப்பது குழந்தையா, அவரா என்று பாருங்கள். குழந்தை படுத்திருக்க அவரே கைகாலை மடக்கிக்கொண்டிருந்தால் நேரம் வீண். நாங்கள் முதலில் போன இடத்தில் 2 மாதம் அப்படித்தான் போனது. நல்ல பயிற்சியில் குழந்தை எதையோ எட்ட முயன்று, தவறி, மறுபடி முயலும். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுப்பார்கள். வாரத்துக்கு 2 மணி நேரம் அங்கே, மீதி நேரம் முழுதும் வீட்டில். வேலை நடப்பது வீட்டில்தான்.

எங்களுக்குக் காட்டிக்கொடுத்தவற்றில், நடை தள்ளிப்போகும் எந்தக் குழந்தைக்கும் உதவக்கூடியவை சில உண்டு. மருத்துவர் பார்த்து, இடுப்பும் எலும்பும் சரி என்று சொன்ன பிறகு செய்யுங்கள். பாதம் தரையில் முழுதாகப் படிந்து முட்டி செங்கோணத்தில் நிற்கும் உயரமுள்ள குட்டி முக்காலியில் குழந்தையை உட்கார வைத்து, முன்னால் மார்பு உயரத்தில் பொம்மையைக் காட்டுங்கள். எழும், எடுக்கும், உட்காரும். ஒரு தடவைக்கு 5 முதல் 10 முறை. தொடைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. எழுந்து நிற்கும்போது ஒரே காலையே போடும் குழந்தையானால், மற்றக் காலை நீங்கள் முன்னால் ஊன்றி வைத்து, முட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாதத்தை நோக்கி லேசாக அழுத்தம் கொடுங்கள். அந்தக் காலில் எடை இறங்குவதைக் குழந்தை உணரும், பிறகு தானே உந்தும். மார்பு உயர மேசையோரம் நிற்கவைத்துப் பொம்மையை ஒரு கை தூரம் பக்கவாட்டில் தள்ளுங்கள், பிடித்தபடியே நகரும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் வசதியான பக்கமே போகும். அது கைவந்ததும் இரண்டு நாற்காலிக்கு நடுவே ஒரு கை இடைவெளி விடுங்கள், வாரத்துக்கு ஒரு சாண் கூட்டுங்கள். தரையில் கிடக்கும் பொம்மையை ஒரு கையால் மேசையைப் பிடித்தபடி குனிந்து எடுப்பது, புத்தகம் நிரப்பிய அட்டைப்பெட்டியைத் தள்ளுவது, படிக்கட்டில் நீங்கள் பின்னால் இருக்கத் தவழ்ந்து ஏறி, பின்பக்கமாகவே இறங்குவது, இவையெல்லாம் அடுத்தடுத்து. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் என்று உட்காராதீர்கள். 10 நிமிடமாக ஒரு நாளில் 4, 5 தடவை, உடை மாற்றும்போதும் குளித்த பிறகும் என்று சேர்த்துக்கொண்டால்தான் மாதக்கணக்கில் தொடர முடியும். அழுதால் நிறுத்திவிடுங்கள், அழுதுகொண்டு கற்கும் குழந்தையை நான் பார்த்ததில்லை. என் மகளுக்குக் கைக்குத் தனிப் பயிற்சி. நன்றாக வேலை செய்யும் இடது கைக்கு மெல்லிய உறை போட்டு, வலது கையை வேலை வாங்குவது. அதைப் பயிற்சியாளர் சொல்லும் நேர அளவில்தான் செய்ய வேண்டும், நாமாகக் கட்டி வைக்கக் கூடாது. ஒரு பக்கப் பாதிப்பு என்றால் பார்வையின் ஒரு பக்கமும் மங்கியிருக்கலாம், வலிப்பும் வரலாம் என்பதால் கண் பரிசோதனையையும் வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்தப் பக்கம் இவ்வளவு பயமுறுத்திவிட்டு, பயப்பட வேண்டாதவற்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. 2 வயது வரை கால் வில்போல் வெளியே வளைந்திருப்பது இயல்பு. 3, 4 வயதில் அதுவே மாறி முட்டிகள் ஒட்டி நிற்கும், 7 வயதுவாக்கில் நேராகும். இரண்டு காலும் சமமாக இல்லாமல் ஒன்று மட்டும் வளைந்தாலோ, முன்பு சொன்னதுபோல மணிக்கட்டும் பருத்திருந்தாலோ காட்ட வேண்டும். தட்டையான பாதம் சிறு குழந்தையின் பாதம்தான், வலியில்லாவிட்டால் தனிக் காலணி வேண்டாம். நடை பழகும் குழந்தை விழுந்துகொண்டே இருக்கும். 2012-இல் வந்த ஓர் ஆய்வில் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்துவைத்து 17 முறை விழுந்தார்கள். தவழாமல், உட்கார்ந்தபடியே பின்புறத்தைத் தேய்த்து நகரும் குழந்தைகள் உண்டு. பல குடும்பங்களில் பெற்றோரில் ஒருவரும் அப்படித்தான் நகர்ந்திருப்பார். இவர்களில் பலர் 18 மாதம் தாண்டி, சிலர் 2 வயதையொட்டித்தான் நடப்பார்கள், பிறகு எல்லாரையும்போல ஓடுவார்கள். ஒருமுறை மருத்துவர் தொட்டுப் பார்த்து தசையும் இடுப்பும் சரி என்று சொல்லிவிட்டால் நிம்மதியாக இருக்கலாம். நுனிக்காலில் நடப்பது முதல் மாதங்களில் பலர் செய்வது. சொன்னால் குதிகாலைத் தரையில் வைக்க முடிகிறதா, முட்டியை நீட்டியபடி பாதத்தை மேலே வளைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலோ, ஒரு கால் மட்டும் நுனியில் நின்றாலோ, 2 வயதுக்கு மேலும் எப்போதும் அப்படியே நடந்தாலோ காட்டுங்கள்.

காத்திருக்கவே கூடாதவை இவை. எந்த வயதிலும் செய்துகொண்டிருந்த ஒன்றை இழப்பது. ஒரு வயதுக்கு முன் ஒரே கையை நம்புவது. 5 மாதத்துக்கு மேலும் கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்கும்போது தலை பின்னால் தொங்குவது. 9 மாதம் முடிந்தும் தனியே உட்காராதது, 12 மாதத்தில் பிடித்துக்கொண்டும் நிற்காதது, 18 மாதத்தில் நடக்காதது, 2 வயதில் ஓடத் தெரியாதது, 3 வயதில் இரண்டு காலும் எழும்பக் குதிக்காதது. நன்றாக நடந்துகொண்டிருந்த குழந்தை காய்ச்சலோடு திடீரென்று ஒரு காலை ஊன்ற மறுத்தால் அதே நாள் மருத்துவமனைக்குப் போக வேண்டும், மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். துவண்ட குழந்தை பால் குடிக்கத் திணறினாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

என் மகள் 22 மாதத்தில் நடந்தாள். ஒரு பக்க மூளைவாதம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய எல்லாரும் தனியே நடந்துவிடுவார்கள் என்று அந்த முதல் நாளிலேயே யாராவது சொல்லியிருந்தால் எத்தனை இரவு தூங்கியிருப்பேன். இப்போது ஓடுகிறாள், வலது பாதம் களைத்துப்போனால் நுனி தரையில் உரசும். அவளுடைய பழைய காலணிகளை நான் தூக்கிப் போடுவதில்லை. வலது காலணியின் முன்நுனி எத்தனை வாரத்தில் தேய்கிறது என்பது, களைப்பில் பாதம் எவ்வளவு இழுபடுகிறது என்பதை நான் வாயால் சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்லும். ஒவ்வொரு சோடியின் அடியிலும் வாங்கிய தேதியை எழுதி, அடுத்தமுறை பிசியோதெரபிக்குப் போகும்போது பையில் போட்டு எடுத்துப் போகிறேன்.